பக்கத்து வீட்டுக் கையெழுத்து

உக்காருங்க மேடம். அந்தச் சேர் வேண்டாமுங்க, அது ஒரு பக்கம் சாயும், இதுல உக்காருங்க. பக்கத்து வீட்டுப் பையன் இப்ப வந்துருவான். வாழைக்குத் தண்ணி கட்டிக்கிட்டு இருக்கிறான், எங்கூட்டுக்காரிதான் கூப்புடப் போயிருக்கிறா. பாதிப் பாத்தியில மடையை விட்டுப்போட்டு வர முடியாதில்லீங்களா, அதான் சித்த நேரமாகுது. பாஸ்போர்ட்டுக்கு மொதச் சாட்சி, பால் சொசைட்டிக்காரன் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டான். ரெண்டாவது பக்கத்து வீட்டு ஆளுதான் வேணும்னு நீங்க கறாராச் சொல்லிட்டீங்க. இந்தத் தோட்டங்காட்டுல பக்கத்து வீடுன்னா அது ஒண்ணுதானுங்க. அதை விட்டா ரெண்டு மைலுக்கு ஆளு கெடையாது.

காப்பி குடிங்க. சக்கரை பத்துமுங்களா? நம்ம மாட்டுப் பாலு, தண்ணி ஒரு சொட்டுக் கெடையாது. பாலு விசயத்துல நான் பொய் சொல்ல மாட்டேன். எந்த விசயத்துலயும் சொல்ல மாட்டேன்னு வெச்சுக்குங்களேன். இருபத்தெட்டு வருசம் இந்த ஊரு பால் சொசைட்டில செகரட்டரியா இருந்தேன். டிகிரி பாக்கற கண்ணாடிக் குழாயைப் பாலுக்குள்ள விட்டா அது உள்ளதச் சொல்லும், நானும் உள்ளதச் சொல்லுவேன். எம்பட மாமனார் ஒரு நாள் தண்ணி ஊத்திக் கொண்டாந்துட்டாருங்க. அம்பது பேரு வரிசையில நிக்கறாங்க. அத்தன பேருக்கு முன்னால கேனைத் திருப்பிக் குடுத்தேன். மனுசன் எட்டு மாசம் எங்கூட்டு வாசல் மிதிக்கல. எங்கூட்டுக்காரி அழுதா, அழுதா அழுகட்டும்னு விட்டுட்டேன். என்னையப் பத்தி ஊருக்குள்ள ஆரை வேணும்னாலும் கேளுங்க, நாச்சிமுத்துவா, அவன் மூஞ்சிக்கு நேராச் சொல்றவனாச்சேன்னுதான் சொல்லுவாங்க. கேசு கீசு இருக்குதான்னு நீங்க கேட்டப்ப எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு.

ஆமாங்க, நியூசிலாந்து. மக அங்கதான் இருக்குது. தாரணின்னு பேரு, ஒரே புள்ளதானுங்க எங்களுக்கு. மருமகன் கம்ப்யூட்டர்ல என்னமோ வேலை. அவிங்க வீட்டுக்குப் பின்னால ஒரே புல்லுக்காடு, போன்ல காட்டுனா. அத்தன மாடு மேயுது, ஒரு மாட்டுக் கழுத்துலயும் கவுறு இல்லீங்க. அந்த மாடு எத்தன லிட்டர் கறக்கும், என்ன தீவனம் போடறாங்கன்னு கேட்டா அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியல. நான் போனா மொதல்ல அதைத்தான் விசாரிப்பேன்.

ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ரெண்டு பேருக்கும் பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருக்கறதுல எனக்கு மட்டும் வேண்டாம்னு எழுத முடியுங்களா? எங்கூட்டுக்காரிக்கு மட்டும் ஓகேன்னு போட்டு அனுப்பறது. ஓ, நான் கைப்பட எழுதித் தரணுங்களா. காரணம் போடணுமா? சரி சரி, சும்மாத்தான் கேட்டேன். எனக்குக் குளிரு ஆகாதுங்க. மார்கழி வந்தாலே இளைப்பு. அந்த ஊருல வருசம் பூரா மார்கழியாம். ஊருக்குள்ள கேட்டவங்களுக்கெல்லாம் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கறேன்.

குளிரு இல்லீங்க விசயம்.

நீங்க எம்மகளைவிட ரெண்டு மூணு வயசு சின்னவிங்களா இருப்பீங்க. அம்மிணின்னு கூப்புடட்டுங்களா? போலீசுக்காரங்களை அப்படிக் கூப்புடக் கூடாதுதான், ஆனா மேடம்னு சொன்னா எனக்குப் பேச்சு வர மாட்டேங்குது.

இப்பக் கையெழுத்துப் போட வர்றானே, நவநீதன். எம்பட சித்தப்பன் மகன் சென்னிமலையோட பையன். எனக்கு மகன் முறை, பெரியப்பான்னுதான் கூப்புடுவான். சென்னிமலை செத்து நாலு வருசமாச்சு. இப்ப அந்த வீட்டுல அவனும் அவங்கம்மா மயிலாத்தாளுந்தான். முப்பத்தாறு வயசாச்சுங்க அவனுக்கு, இன்னும் கண்ணாலமாகல. நம்ம பக்கத்து நெலவரம் உங்களுக்குத் தெரியாததா? தோட்டம் பாக்கற பையனுக்கு ஆரு பொண்ணு குடுக்கறாங்க? ஜாதகத்தைக் கையில வாங்கறதுக்கு முந்தியே பையன் எங்க வேலைன்னு கேக்கறாங்க. காடுன்னு சொன்னா ஜாதகம் திரும்பி வந்துருது.

அவனும் வெளிநாடு போக வேண்டியவந்தானுங்க. கத்தாருல கிரேன் ஓட்டற வேலை. லைசென்ஸ் எல்லாம் எடுத்து, கம்பெனிக்காரன் நேருல பாத்து, சேந்துக்கோன்னு சொல்லிட்டான். பாஸ்போர்ட் ஒண்ணுதான் பாக்கி. பதினோரு வருசம் இருக்குமுங்க, இதே மாதிரி உங்க ஆபீசுலருந்து ஒருத்தரு விசாரணைக்கு வந்தாரு. அவிங்க வீட்டுல பேசிப்போட்டு, பக்கத்து வீட்டு ஆளுன்னு எங்கிட்ட வந்தாரு. வயசான மனுசன், நோட்டுப் பொஸ்தகம் வெச்சிருந்தாரு, உங்களாட்டம் போன்ல எழுதல. அவரு கேட்டாரு, நான் சொன்னேன். அவ்வளவுதானுங்க நடந்தது.

பையன் எப்படின்னாரு, நல்ல பையன்னேன். குடி உண்டான்னாரு, கெடையாதுன்னேன். வம்பு தும்பு ஏதாச்சும்னாரு. ரெண்டு வருசத்துக்கு முந்தி மாரியாத்தா பண்டிகையில மைக்செட் வெக்கறதுல ஒரு தள்ளுமுள்ளு, நாலு பசங்களை ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போயி உக்கார வெச்சாங்க, அதுல இவனும் ஒருத்தன்னு சொன்னேன். நடந்ததுதானே? நான் என்ன கதையா கட்டுனேன்? கேசு எழுதல, பொழுதோட விட்டுட்டாங்க, அதையுந்தான் சொன்னேன். சொன்னேன்னுதான் நெனைக்கறேன். அவரு அதை எழுதிக்கிட்டாரா இல்லியான்னு எனக்கென்ன தெரியும்.

அப்பறம் அது இழுத்துக்கிட்டே போச்சுங்க. மேல விசாரிக்கணும்னாங்க. சென்னிமலையும் பையனும் ஸ்டேசனுக்கும் ஆபீசுக்கும் நடையா நடந்தாங்க. ரெண்டு நாளு நானே கூடப் போனேன். ஆமாங்க, நானே போயிக் கும்புட்டுக் கேட்டேன், பையன் தங்கம், சீக்கிரம் முடிச்சுக் குடுங்கன்னு. அஞ்சு மாசம் கழிச்சுப் பாஸ்போர்ட் தபால்ல வந்துச்சு. அதுக்குள்ள கம்பெனிக்காரன் வேற ஆளைக் கூட்டிட்டுப் போயிட்டான். அந்தப் பாஸ்போர்ட் இன்னும் மயிலாத்தா பீரோவுல இருக்குது. ஒரு சீல் விழுகல அம்மிணி. போன மாசி மாசத்தோட அதுக்குக் காலமும் முடிஞ்சு போச்சு.

எம்மேல ஆருக்கும் சந்தேகமே வரல. அதானுங்க சொல்றேன். வந்திருந்தா நாலு திட்டுத் திட்டி, ரெண்டு வருசம் பேசாம இருந்து, அப்பறம் ஒரு நோம்பி பண்டிகையில சேந்திருப்போம். எனக்குத் திட்டு வாங்கறது ஒண்ணும் புதுசில்ல. அவிங்க வேற ஆளைப் புடிச்சுக்கிட்டாங்க.

மயிலாத்தாளோட கூடப் பொறந்தவன் ஒருத்தன், கிட்டுச்சாமின்னு. லாரி வெச்சிருக்கறான். அவனுக்கு ஒரு பொண்ணு. மருமகன் இங்கயே இருந்து லாரியைப் பாத்துக்கட்டும், பொண்ணையும் குடுத்துடறேன், எதுக்குக் கத்தாருக்கும் கித்தாருக்கும் போறான்னு ஆரம்பத்துலருந்தே சொல்லிக்கிட்டு இருந்தான். பாஸ்போர்ட் நின்னு போனதும், ஸ்டேசன்ல ஆரோ பத்த வெச்சுட்டாங்கன்னு பேச்சு வந்துச்சு. ஆரா இருக்கும் மச்சாண்டாரேன்னு மயிலாத்தா எங்கிட்டத்தான் வந்து கேட்டா. அழுதுக்கிட்டுக் கேட்டா. நான் கிட்டுச்சாமி பேரைச் சொல்லலீங்க, ஆத்தா மேல ஆணையா சொல்லல. வேண்டாதவன் செய்ய மாட்டான், வேண்டப்பட்டவன்தான் செஞ்சிருப்பான்னு சொன்னேன். அது நெசந்தானே? நெசத்தைத்தானே சொன்னேன்? அவளாவே அண்ணனை நெனைச்சுக்கிட்டா.

அன்னையிலருந்து அண்ணன் தங்கச்சிக்குப் பேச்சுவார்த்தை இல்ல. பொண்ணை வேற எடத்துல குடுத்துட்டான். நவநீதனுக்கு அந்தப் புள்ள மேல ஒரு இது இருந்துச்சு, எனக்குத் தெரியும். அந்தக் கண்ணாலத்தன்னைக்கு நம்ம களத்துல வந்து பொழுதுக்கும் தேங்காய் உரிச்சுக்கிட்டே உக்காந்திருந்தான். உரிக்க வேண்டிய அவசரமே இல்ல. நான் போயி, விடுறா, உனக்கு இதைவிட நல்லதா அமையும்னேன். சரிங்க பெரியப்பான்னான்.

சென்னிமலை செத்தப்ப நடந்ததைச் சொல்லோணும். நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியுமே, புருசன் போயிட்டா பொறந்த வீட்டுலருந்து கோடிச் சீலை வரோணும். கிட்டுச்சாமி கொண்டாந்தான். ஏழு வருசம் பேசாம இருந்தவன், சீலையை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டுக் கூட்டத்துக்கு நடுவுல வந்து நிக்கறான். மயிலாத்தா தலைநிமிந்து பாக்கல. அண்ணங்கிட்டப் பேச மாட்டால்ல, அதனால என்னையப் பாத்துச் சொன்னா. எம்பையன் வாழ்க்கையைக் கெடுத்தவன் கையால எனக்குக் கோடி வேண்டாம், திருப்பிக் கொண்டுபோகச் சொல்லுங்க மச்சாண்டாரேன்னா. அந்தச் சீலையை எடுத்து அவங்கையில திருப்பிக் குடுத்தது நாந்தானுங்க. ரோடு வரைக்கும் கூட நடந்து போயி வண்டி ஏத்தி விட்டேன். நான் என்ன தப்புப் பண்ணுனேன் மச்சான்னு கேட்டான். அழுகலீங்க, சும்மா கேட்டான். போயிட்டு வா, எல்லாம் சரியாயிரும்னு சொன்னேன்.

நீங்க காப்பி ஆறவிட்டுட்டீங்க பாருங்க. குடிங்க, குடிங்க. இல்லீங்க, இதையெல்லாம் போன்ல எழுத வேண்டாம். இது எழுதறதுக்குச் சொல்லல.

நவநீதன் எனக்கு என்ன செய்யறான்னு கேளுங்க. எனக்கு ஆம்பளப் புள்ள இல்ல. போன வருசம் கண்ணு ஆப்பரேசனுக்கு அவந்தான் பைக்குல கூட்டிட்டுப் போனான், ரெண்டு நாளு ஆஸ்பத்திரில படுத்துக் கெடந்தான். எங்கூட்டு மாட்டுக்குச் சீம்புல்லு அறுத்துப் போடறது அவன். மோட்டார் ரிப்பேர் ஆனா அவன். மகளை வெளிநாட்டுக்குக் கண்ணாலம் கட்டி அனுப்புனப்ப ஏர்போர்ட்டு வரைக்கும் பொட்டி தூக்கிட்டு வந்தவன் அவன். உள்ள போக முடியாதுன்னு கண்ணாடிக்கு வெளிய நின்னு கையாட்டுனான். அப்ப எம்மனசுல என்ன தோணுச்சு தெரியுங்களா? நல்ல வேளை, இவனாச்சும் இங்க இருக்கறான்னு தோணுச்சு. அதை நெனைச்ச அடுத்த நிமிசம் எனக்குத் திக்குன்னு ஆயிப்போச்சு. சீச்சீன்னு தள்ளி விட்டுட்டேன்.

அவன் போயிருந்தா இத்தன வருசம் எனக்கு ஆரு இருந்திருப்பா? நீங்களே சொல்லுங்க. ஆனா அதுக்காகச் சொன்னேன்னு நெனைச்சுக்காதீங்க. அன்னைக்கு அதெல்லாம் நெனைப்புலயே இல்ல.

அன்னைக்கு வேற ஒண்ணு நடந்துச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, இருந்தாலும் சொல்லிடறேன். வெடியால சென்னிமலை இங்க வந்தான். பையன் பிளேன்ல போகப் போறான், ஊருலயே மொத ஆளுன்னு ஒரே குதி. எனக்கும் சந்தோசந்தான். பேச்சுவாக்குல எந்தோளைத் தட்டி, உனக்கென்னண்ணா கவலை, நீ போனா கொள்ளி வெக்க எம்பையன் பிளேனப் புடிச்சு வந்துருவான்னு சொல்லிச் சிரிச்சான். அவன் வெள்ளந்திங்க, பாசத்துலதான் சொன்னான். எனக்குத்தான் சுருக்குன்னு குத்திப் போச்சு. எனக்கு ஒரு பையன் இல்லைங்கறதை இப்படியா சொல்றதுன்னு மத்தியானம் வரைக்கும் சோறு எறங்கல. மத்தியானத்துக்கு மேலதான் உங்க ஆபீசுக்காரரு வந்தாரு. அதுக்காக நான் சொல்லல. அவரு கேட்டாரு, நான் சொன்னேன்.

எங்கூட்டுக்காரிதான் இப்பப் பிரச்சினை. சாமியாத்தா. அன்னைக்கு அவரு இங்க உக்காந்திருந்தப்ப காப்பி கொண்டாந்தது அவதான். டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு அந்தக் கதவு நெலவுக்கிட்ட நின்னு எல்லாத்தையும் கேட்டா. அவரு போனப்பறம் ஒரு வார்த்தை கேக்கல. பதினோரு வருசமா ஒரு வார்த்தை கேக்கலீங்க. கோடிச் சீலையை நான் திருப்பிக் குடுத்தப்ப மயிலாத்தா பக்கத்துல உக்காந்திருந்தவ அவதான். அப்பவும் ஒண்ணும் பேசல. மறந்துட்டான்னு நெனைச்சுக்கிட்டேன். பொம்பளைங்க அதையெல்லாம் எங்க ஞாபகம் வெச்சிருக்கப் போறாங்கன்னு.

தை மாசம் எம்மகளுக்கு ஏழாம் மாசத்துல கொழந்தை தங்கலீங்க. ரெண்டாவது தடவை. மருமகன்தான் போன் பண்ணிச் சொன்னாரு. அதுலருந்து அந்தப் புள்ள பேசவே மாட்டேங்குது. போனை எடுக்குது, மூஞ்சியைக் காட்டுது, இவ இங்கருந்து சாப்புட்டியா கண்ணு, தலைக்கு ஊத்துனியா கண்ணுன்னு கேட்டுக்கிட்டே இருப்பா, அது தலையை ஆட்டிப்போட்டு வெச்சுரும். எங்கூட்டுக்காரி சோறு தண்ணி எறங்காமக் கெடந்தா. ஒரு நாளு எங்கிட்டக்கூடச் சொல்லாம நவநீதனைக் கூட்டிட்டு டவுனுக்குப் போயி ரெண்டு பேருக்கும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டா. ஈரோடு தாண்டித் தனியாப் போனவ இல்லீங்க அவ. போட்டோ புடிக்க, ரேகை வெக்க நேருல வரோணும்னு சொன்னப்பறந்தான் என்னையக் கூட்டிட்டுப் போனா.

உங்க ஸ்டேசன்லருந்து போன் வந்துச்சே, போன வாரம், விசாரணைக்கு வருவோம், பக்கத்து வீட்டு ஆளு கையெழுத்து வேணும்னு. அன்னைக்கு மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கிட்டே, என்னமோ ரசம் வேணுமான்னு கேக்கற மாதிரி கேட்டா. "அந்தப் பையன் உங்களுக்குக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னால அவங்கிட்டச் சொல்லிப் போடுவீங்களா?"

எதைன்னு கேட்டேன். எனக்குத் தெரியாத மாதிரி கேட்டேன்.

அவ சொன்னா, "சொல்லாம அவங்கையெழுத்தை வாங்குனீங்கன்னா, எம்பட பாஸ்போர்ட் மட்டும் போதும். நான் ஒத்தையில போயிக்கறேன். ஏரோபிளேன்ல எனக்குப் பக்கத்துல நீங்க உக்காந்திருந்தா எனக்கு ஆகாது."

நாப்பது வருசம் கூட வாழ்ந்தவ பேசற பேச்சா இது? எனக்குக் கோவம் வந்துருச்சு. தட்டைத் தள்ளிப்போட்டு எந்திரிச்சுட்டேன். அவரு கேட்டாரு, நான் சொன்னேன், உள்ளதச் சொன்னது ஒரு குத்தமான்னு கத்துனேன். அவ தட்டை எடுத்துக்கிட்டே சொன்னா, அவரு கேக்கலியேன்னு.

அம்மிணி, அவரு கேக்கலீங்க.

வம்பு தும்பு உண்டான்னு அவரு கேக்கவே இல்ல. நானாத்தான் உங்ககிட்ட அப்படிச் சொன்னேன், பொய். கேள்வியெல்லாம் முடிஞ்சு போச்சு, பேனாவை மூடிப் பாக்கெட்டுல சொருகிட்டாரு. காப்பி குடிச்சுக்கிட்டே, இந்த வருசம் மழை எப்படீங்கன்னு பேசிக்கிட்டு இருந்தாரு. நல்ல மனுசன், எம்மேல ஒரு மரியாதையா இருந்தாரு. எனக்குத்தான் உள்ளுக்குள்ள என்னமோ அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. நானாவே சொன்னேன், பையன் நல்லவந்தான், ஆனா ஒரு தடவை ஸ்டேசன்ல உக்கார வெச்சிருந்தாங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமேன்னு. தெரியாதேன்னாரு. பேனாவை மறுபடியும் வெளிய எடுத்தாரு. கேசு எழுதலைன்னு நான் சொல்லல. சொன்னேன்னு இத்தன வருசமா எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்தேன். சொல்லலீங்க.

பொய் சொல்லாதவன்னு பேரு. எனக்கே கூச்சமா இருக்குது.

அதனாலதான் கேட்டேன், எனக்கு மட்டும் வேண்டாம்னு எழுதிக்க முடியுமான்னு. ஒரு வாரமா யோசிச்சு அதுதான் சரின்னு பட்டுச்சு. இவ போயி மகளைப் பாக்கட்டும். நான் குளிரு ஆகாதுன்னு இருந்துக்கறேன். ஆருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம், மயிலாத்தாளுக்கும் மனசு நோக வேண்டாம், பையனுக்கும் பழசைக் கிளற வேண்டாம். எல்லாருக்கும் நல்லதுதானே? எத்தனை பேரு பாஸ்போர்ட் இல்லாமச் செத்துப் போயிருக்காங்க, எங்கப்பன் தாத்தன் எல்லாம் கோயமுத்தூரைத் தாண்டல. நானா விட்டுக் குடுக்கறேன், இதைவிட என்ன வேணும்? நேத்து வரைக்கும் இதைப் பெரிய தியாகமாட்டம் நெனைச்சுக்கிட்டு இருந்தேன்.

இன்னைக்கு வெடியால மக போன் பண்ணுச்சு. இவதான் பேசுனா, எப்பவும் போலத்தான், அது தலையை மட்டும் ஆட்டுச்சு. வெக்கறதுக்கு முன்னால எம்பக்கம் போனைத் திருப்புனா. நான் என்ன பேசறதுன்னு தெரியாம, அந்த மாடெல்லாம் நல்லாருக்குதா கண்ணுன்னு கேட்டேன். பாருங்க, கேக்கறதுக்கு வேற கேள்வியே கெடைக்கல எனக்கு. அது என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்பறம் கேட்டுச்சு, "அப்பா, நீங்களும் வர்றீங்கல்ல?"

அவ்வளவுதான். ரெண்டு மாசத்துல அந்தப் புள்ள வாயத் தொறந்து பேசுனது அது ஒண்ணுதான் அம்மிணி. அம்மாகிட்டக்கூடப் பேசல. நான் வர்றேன் கண்ணுன்னு சொல்லிட்டேன். பக்கத்துல இவ நின்னு பாத்துக்கிட்டு இருக்கறா. சொல்லிட்டேன்.

இப்பச் சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்? நவநீதங்கிட்டச் சொன்னா அவன் எம்மூஞ்சில முழிப்பானா? இந்த வாசலுக்கு வருவானா? நான் நாளைக்குக் கெடையில விழுந்தா ஆரு தூக்குவா? மயிலாத்தா என்ன பண்ணுவா? பதினோரு வருசம் அண்ணனை விட்டுட்டு இருந்தாளே, அதுக்கு நான் என்னத்தைத் திருப்பிக் குடுக்கறது? அவ பீரோவைத் தொறந்து அந்தப் பாஸ்போர்ட்டை எடுத்து எம்மூஞ்சில எறிஞ்சாக்கூடப் பரவால்ல, எறிய மாட்டா, வீட்டுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்குவா. எனக்குப் பயமா இருக்குதுங்க. அறுபத்தேழு வயசுல இப்படிப் பயந்துக்கிட்டு உக்காந்திருக்கறேன்.

உங்ககிட்ட எதுக்குச் சொன்னேன்னு எனக்கே தெரியல. ஒருவேளை ஆருகிட்டயாச்சும் ஒரு தடவை சொல்லிப் பாத்துட்டா, அடுத்த தடவை லேசா வரும்னு நெனைச்சனோ என்னமோ. லேசா வரலீங்க.

வந்துட்டாங்க. அதோ, வரப்புல வர்றான் பாருங்க, முன்னால வர்றவன்தான் நவநீதன். பின்னால எங்கூட்டுக்காரி.

வாடா சாமி. கால் கழுவ வேண்டாம், சும்மா வா. மேடம் ரொம்ப நேரமாக் காத்துக்கிட்டு இருக்கறாங்க. ஆதார் நகல் கொண்டாந்துட்டியா? சரி, அதை அங்க வை. ஏம்புள்ள, நீ ஏன் வாசல்லயே நிக்கறே, உள்ள வா. வர மாட்டா. அவ அங்கயேதான் நிப்பா.

என்னடா சொல்றே? கேட்டீங்களா அம்மிணி, எங்க பெரியப்பா தங்கமான மனுசன்னு எழுதிக்குங்கன்னு சொல்றான். எனக்குத்தான் அமையல, நீங்களாச்சும் போயிட்டு வாங்கன்னு சொல்றான். மாட்டையெல்லாம் நான் பாத்துக்கறேன்னு சொல்றான்.

எங்க போடணும்னு கேக்கறான். இரு. இருடா. பேனாவைக் கீழ வை. கையெழுத்து அப்பறம் போட்டுக்கலாம், போட மாட்டேன்னாலும் பரவால்ல. மொதல்ல இப்படி உக்காரு. அந்தச் சேர்ல வேண்டாம், எம்பக்கத்துல உக்காரு.

அம்மிணி, நீங்க எந்திரிக்காதீங்க. குடும்ப விசயம்னு வெளிய போகாதீங்க. எத்தனை சோலி இருந்தாலும் சித்த நேரம் இங்கயே இருங்க. நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்கன்னா நான் இவங்கிட்டச் சொல்லவே மாட்டேன்.